மேளக்காசில் ஒரு கட்டில்

அத்தை,

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு ராணி அக்கா வந்தார். உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உங்க மாமியாருக்கு வாங்குனது எதுனா மீதி இருக்குதாம்மா? அதான்... அந்த பேம்பர்ஸு" என்று கேட்டார். அவருடைய மாமனாருக்குக் கொஞ்ச நாளாக ஒரு பக்கம் கை கால் வரவில்லை.

அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. பெரியவர்களுக்கான டயபர், பிரித்த பாக்கெட். நீ போன பிறகு முதியோர் இல்லத்தில் திருப்பிக் கொடுத்த ஒயர்க்கூடையில், உன் நைட்டிகளுக்கு அடியில் கிடந்தது. நைட்டிகளைத் துவைத்து நானே போட்டுக் கிழித்துவிட்டேன். அதிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தீர்த்துவிட்டேன். இதை மட்டும் தூக்கிப் போடவும் மனசில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கையில் எடுத்ததும் குழந்தை பவுடர் வாசனை அடித்தது. உனக்கு அது பிடிக்காது. "இன்னாடி இது, கெழவிக்குப் போயி பச்சக் கொழந்த வாசன வெச்சிருக்கானுங்க" என்று மூக்கைச் சுளிப்பாய்.

பாக்கெட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்ட பிறகும் ராணி அக்கா போகவில்லை. குரலைத் தாழ்த்தி, "அந்த ஹோமு... மாசம் எவ்ளோம்மா ஆவுது?" என்றார்.

இதே ராணி அக்காதான் குழாயடியில், எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "வேலைக்குப் போற மவராசிக்கு மாமியாருக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த நேரமில்ல, கொண்டு போயி திண்டிவனத்துல தள்ளிட்டா" என்று சொன்னவர். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எவ்வளவு ஆகும், என்னென்ன தனி என்று விவரம் சொல்லி அனுப்பினேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். "ஏண்டி ராணி, முன்னாடியே சொல்லியிருந்தா உன் மாமனாருக்கு என் பக்கத்துக் கட்டில புடிச்சி வெச்சிருப்பேனே" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்திருப்பாய். ராணி அக்காவும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்திருப்பார். உன்னிடம் யாருக்கும் கோபம் நிற்காது. எனக்கு அந்த வரம் இல்லை. கோபம் வந்தால் எனக்கு நிற்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் "வாங்க அத்தை, சாப்புடுங்க அத்தை" என்றுதான் பேசினேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாலு நாள் பொறுத்தாய். "இன்னாடி நீ, பஸ்ஸுல டிக்கெட் குடுக்கறவன் மாதிரி வாங்க போங்கன்ற? நீன்னு கூப்புடு. ஒரே வூட்ல சோறு துன்றோம்" என்றாய். அன்று முதல் நீ எனக்கு நீதான். ஒரு வருஷத்துக்குள் உன் மகன் மஸ்கட் போய்விட்டான். கிரேன் ஓட்டும் வேலை. வீட்டில் நீயும் நானும். விடியுமுன் நீ உப்பளத்துக்குக் கிளம்புவாய். காலையில் நான் திண்டிவனத்துக்கு பஸ் ஏறுவேன், ஹார்டுவேர் கடை பில்லிங்குக்கு. சாயங்காலம் நான் திரும்பும்போது நீ கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு, டிவி சீரியலில் அழுகிற மருமகளைப் பார்த்து, "எழுந்து போடி, வேலைக்குப் போடி" என்று திட்டிக்கொண்டிருப்பாய்.

ஒரு விடுமுறை நாளில்தான் முதலில் கவனித்தேன். மத்தியானம் உப்பளத்திலிருந்து வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டாய். பிறகு இன்னொரு சொம்பு. ஏன் அத்தை, பாட்டிலில் எடுத்துப் போகக்கூடாதா என்றேன். "எடுத்துக்கினு போயி? குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா எங்க போறது, உன் மாமனாரு கட்டி வெச்சிருக்காரா அங்க?"

பாண்டிச்சேரியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஈ.சி.ஆர். ஓரத்தில் வண்டியை நிறுத்தி உப்பளத்தைப் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பாத்தித் தண்ணீரில் வானம் தெரிகிறது என்று சிலாகிப்பார்கள். யாருடைய செல்போனிலாவது நீயும் இருப்பாய், தலையில் உப்புக் கூடையோடு, தூரத்தில் ஒரு புள்ளியாக. அந்தப் புள்ளிக்கு அவசரம் என்றால் எங்கே போகும் என்று படம் எடுத்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். கண்ணுக்கெட்டிய வரை தட்டைத் தரை. ஒரு புதர் கிடையாது, சுவர் கிடையாது. ஆம்பளைகள் முதுகைத் திருப்பி நின்றுகொள்வார்கள். பொம்பளைகள் வீடு வரும்வரை அடக்கிக்கொள்வார்கள். அதற்கு ஒரே வழி குடிக்காமல் இருப்பது. அந்த வெயிலில், அந்த உப்பில், வேலை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் இல்லை. உனக்குக் கல்யாணமான காலத்திலிருந்து அப்படித்தான். உன் உப்பளக் கூட்டத்தில் கல்லடைப்பு வராத பொம்பளை யாராவது உண்டா? நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தபோது, "அவர ஒரு நாள் அங்க வந்து கூடையத் தூக்கச் சொல்லு, அப்புறம் குடிக்கறேன்" என்றாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்குச் சிரிப்பாக வந்தது.

உப்பு எடுக்கும் காலத்தின் கடைசியில்தான் விழுந்தாய். மேகம் கூடிவிட்டது, மழைக்கு முன் அள்ளிக் குவிக்க வேண்டும் என்று எல்லாரையும் விரட்டியிருக்கிறார்கள். வரப்பில் கால் வழுக்கி, கூடையோடு சாய்ந்தாய். இடுப்பெலும்பு. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. ஓனர் வீட்டிலிருந்து ஒருத்தர் ஒரு பிரெட் பாக்கெட்டும் ரெண்டு ஆப்பிளும் கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். அத்தோடு சரி. இத்தனை வருஷத்து இடுப்புக்கு ரெண்டு ஆப்பிள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. நம் கக்கூஸ் கொல்லையில், ரெண்டு படி ஏறி, குந்தி உட்காருகிற மாதிரி. வாக்கரை வைத்துக்கொண்டு உன்னால் அந்தப் படி ஏற முடியாது. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வாங்கினேன். என் லீவு தீர்ந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வைத்தேன். அவர் நல்லவர்தான். ஆனால் நீ அவரை ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. "அதுவும் என்ன மாதிரி கூட தூக்கன பொம்பளதானடி. அத்தப் போயி என் மூத்தரத்த எடுன்னு எந்த வாயால சொல்வேன்?" என்றாய். உனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். காலையில் நான் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் நான் திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. உப்பளத்தை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டாய்.

ஒரு நாள் வந்து பார்க்கிறேன், உடம்பு கொதிக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. என்னைப் பார்த்து உன் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாய். ஆட்டோ பிடித்து ஓடினேன். ஆஸ்பத்திரியில் எல்லார் எதிரிலும் டாக்டரம்மா, "வயசானவங்களுக்குத் தண்ணிகூடக் குடுக்க மாட்டீங்களா? என்ன மருமக நீங்க?" என்றார். உனக்கு ட்ரிப்ஸ் ஏறி, புத்தி தெளிந்து, முதலில் பேசியது என்னைப் பற்றித்தான். "அந்தப் பொண்ணத் திட்டாதீங்கம்மா. நான்தான் குடிக்கல."

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துதான் உன்னிடம் சொன்னேன். இனிமேல் வீட்டில் முடியாது அத்தை, பகலிலும் ஆள் இருக்கிற இடமாகப் பார்க்கலாம். கத்துவாய் என்று நினைத்தேன். "மழ மாசந்தானே, எப்டியும் வேல கெடையாது. பாத்தி தொறக்கற வரைக்கும் இருந்துட்டு வர்றேன்" என்றாய். உனக்கு வருஷம் என்பது ரெண்டு பாதி. உப்பு விளைகிற பாதி, மழை பெய்து உப்பளம் மூடிக் கிடக்கிற பாதி. அந்த இடுப்போடு இனி உப்பளம் ஏது என்று நான் சொல்லவில்லை. உனக்கும் தெரிந்திருக்கும்.

உன் மகன் போனில் குதித்தான். "எங்கம்மாவ ஹோம்ல போட்டா நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு ஊருக்கு வருவேன்? காறித் துப்புவானுங்க."

"சரி, நீ வா. வந்து பாத்துக்கோ. நான் மஸ்கட் போறேன்" என்றேன் நான்.

நீ போனைப் பிடுங்கிக்கொண்டாய். "டேய், நான் ஒண்ணு கேக்கறேன். நீ வந்து என் பாவாடைய அலசுவியா? சொல்லு, அலசுவியா? மாட்டேயில்ல? அப்ப வாய மூடிக்கினு நைட்டு சாப்ட்டியா இல்லியான்னு மட்டும் சொல்லு."

பிறகு இடம் தேடி அலைந்தோம். காசில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு இடத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "பையன் கல்லு மாதிரி இருக்கான், அவன செத்துட்டான்னு எழுதறதா? வேணாண்டி" என்றாய். முதியோர் பென்ஷன் கேட்கப் போனபோதும் மகன் சம்பாதிக்கிறான் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மகன் இருக்கிறான் என்று பென்ஷன் கிடையாது. மகன் இருக்கிறான் என்று இலவச இல்லமும் கிடையாது. அந்த மகனோ விசாவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தான். நம்மைப் போன்றவர்களுக்கு மகன் இருப்பது பேப்பரில் மட்டும்தான் உதவுகிறது, அதுவும் எதிராளிக்கு.

பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு இடம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வாசலில் புல்வெளி, உள்ளே மீன் தொட்டி. டை கட்டிய தம்பி ஒருத்தன் நம் இரண்டு பேருக்கும் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து, பேக்கேஜ், பேக்கேஜ் என்று பேசினான். லைப்ரரி, யோகா, மாலையில் பாட்டுக் கச்சேரி. எல்லாம் சொல்லிவிட்டு, "பெர்சனல் கேர் மட்டும் எக்ஸ்ட்ரா சார்ஜ் மேடம்" என்றான்.

"அது இன்னா தம்பி, பெர்சனல் கேரு?" என்றாய்.

அவன் நெளிந்தான். "அது வந்து... பாத்ரூம் கூட்டிட்டுப் போறது, குளிக்க வெக்கறது..."

"அப்ப மொதல்ல சொன்ன காசு எதுக்கு? மீனப் பாக்கறதுக்கா?"

நான் சாற்றைச் சிந்திவிட்டேன். அந்தத் தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொன்ன தொகையைக் கட்டவேண்டுமென்றால் நானும் உன் மகனும் சேர்ந்து பட்டினி கிடக்கவேண்டும். வரும் வழியில், கீழ்புத்துப்பட்டுத் தாண்டும்போது நீ, நானும் கண்டக்டரும் தூக்கி ஏற்றிய பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "கச்சேரியாம்" என்றாய். திரும்பவும் சிரித்தோம்.

திண்டிவனத்தில் பார்த்ததுதான் நமக்கான இடம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன ஸ்டெல்லா சிஸ்டர் தன் பெரிய வீட்டையே இல்லமாக மாற்றியிருந்தார். பொம்பளைகளுக்கு ஒரு ஹால், ஆம்பளைகளுக்கு எதிரே ஒரு ஹால், நடுவில் சாப்பாட்டு மேஜை. சிஸ்டர் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னம்மா வசதி வேணும், சொல்லுங்க" என்றார். நீ யோசிக்கவே இல்லை.

"கக்கூஸு எங்க இருக்குது?"

கட்டிலிலிருந்து ஏழெட்டு எட்டு வைத்தால் வந்துவிடும். உட்காருகிற மாதிரி. சுவரில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பெல். கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு பெல். நீ வாக்கரோடு உள்ளே போய், உட்கார்ந்து, எழுந்து, கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாய். பெல்லையும் அழுத்திவிட்டாய். பெருமுக்கல்லிலிருந்து வேலைக்கு வரும் கலா என்ற பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "சும்மா பாத்தேன் கண்ணு, வர்றியான்னு" என்றாய்.

மாதக் கட்டணம் என் சம்பளத்தில் பாதிக்கு மேல். மாத்திரையும் டயபரும் தனி. அதை உன் மகன் ஏற்றுக்கொண்டான், முனகிக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் நான் கூடுதல் நேரம் பில் போட்டேன். ஆனால் முதலில் கட்டவேண்டிய டெபாசிட்டுக்கு வழியில்லை. யாரிடம் கேட்பது என்று நான் பெயர்களை யோசித்துக்கொண்டிருந்தபோது, நீ சாதாரணமாகச் சொன்னாய். "மேளக்காசு இருக்குதுல்ல, அத எடு."

மகளிர் குழுவில் நீ உன் சாவுக்கென்று தனியாகச் சேர்த்து வைத்திருந்தாய். உன் கூட்டத்துப் பொம்பளைகள் நிறைய பேர் அப்படித்தான். பிள்ளைகள் கையை எதிர்பார்க்காமல் போகவேண்டும் என்று கூலியில் கிள்ளிப் போட்ட காசு. மேளம், பூப்பல்லக்கு, வெடி. "எனக்கு அடிக்கற மேளம் அனுமந்தை வரைக்கும் கேக்கணும்டி" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். அதை எடுக்கச் சொல்கிறாயே என்று நான் தடுமாறினேன்.

"செத்தப்புறம் காது கேக்குமா எனக்கு? அடிச்சா என்னா, அடிக்காட்டி என்னா. இப்ப எனக்குக் கக்கூஸுக்குப் போவணும்."

உன் சாவுச் செலவைப் போட்டு உனக்கு ஒரு கட்டில் பிடித்தோம். அதற்காகச் சிரித்த ஒரே ஆள் நீதான்.

ஐப்பசியில் கொண்டு போய் விட்டேன். போய் கொஞ்ச நாளிலேயே ஸ்டெல்லா சிஸ்டர் போன் செய்தார். சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், எல்லாரோடும் பேசுகிறாய். தண்ணீர் மட்டும் குடிப்பதில்லை. டம்ளரை வாயருகே கொண்டு போய்விட்டு ஜன்னல் வழியே செடிக்கு ஊற்றிவிடுகிறாய். "இப்படியே போனா திரும்ப இன்ஃபெக்ஷன் வரும்மா. அப்புறம் கிட்னி தாங்காது."

ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னிடம் சண்டை போட்டேன். ஹாலில் எல்லாரும் பார்க்கும்படி. உன் மேளக்காசைக் கொட்டி, என் சம்பளத்தைக் கொட்டி, ஊரெல்லாம் ஏச்சு வாங்கி உன்னைக் கொண்டு வந்தது எதற்கு? பெல் அடித்தால் என்ன?

நீ மெதுவாகச் சொன்னாய். "அந்தக் கலாப் பொண்ணு காலைல வந்தா பொழுதுக்கும் நின்னுக்கினே இருக்குது. இத்தினி பேரத் தூக்குது, எறக்குது. அதுக்கும் இடுப்புதானடி. நான் வேற எதுக்கு?"

"அதுக்குத்தானே காசு குடுக்கறோம்!"

"உப்பளத்துலகூடத்தான் ஓனரு காசு குடுத்தான். அதுக்குன்னு நாங்க மனுசி இல்லன்னு ஆயிடுமா?"

கலா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஆயா, நீ தண்ணி குடிக்காம காச்சல்ல படுத்துக்கினா எனக்குத்தான் ரெண்டு மடங்கு வேல. குடிச்சித் தொல" என்றாள். நீ அவள் கன்னத்தைத் தட்டினாய். குடிக்கவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது நான் நினைத்தது இதுதான். நல்ல இடமாகப் பார்த்துவிட்டோம், காசும் கட்டிவிட்டோம், ஆனால் உன் உடம்புக்குள் உப்பளக்காரன் போட்ட பூட்டைத் திறக்க நம்மால் முடியவில்லை. இப்படியே விட்டால் நீ போய்விடுவாய்.

அதைத் திறந்தவர் யார் தெரியுமா, எதிர் ஹாலில் இருந்த அந்த ரிட்டயர்டு ஆபீசர். அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். ஃபேனைக் குறைக்க பெல். ஃபேனைக் கூட்ட பெல். பேப்பர் தாள் கீழே விழுந்தால் பெல். அடுத்த வாரம் வந்தபோது நீ கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, நாடகம் பார்க்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அந்தாளப் பாரேன். ஒண்ணுக்கு வந்தா பெல் அடிக்கறாரு. சரி. அந்தப் பொண்ணு வந்தப்புறம், 'வர்ற மாதிரி இருந்துது, இப்ப வரல, போ'ன்றாரு. அதச் சொல்றதுக்கும் ஒரு பெல்லு! கூச்சமே இல்லடி."

"ஆபீசுல பியூன் இருந்திருப்பான். பழக்கம்" என்றேன்.

"ம்" என்றாய். அவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதற்கும் அடுத்த ஞாயிறு நான் மசால் வடை வாங்கிக்கொண்டு வந்தேன். நீ பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "அந்தச் சொம்ப எடு" என்றாய். கொடுத்தேன். வாசலில் நின்று குடிப்பாயே, அதே மாதிரி தலையைத் தூக்கி ஊற்றிக்கொண்டாய். தொண்டை ஏறி இறங்கியது. தாடையிலிருந்து வழிந்து நைட்டி நனைந்தது. "இன்னொண்ணு." அதையும் குடித்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு, "உக்காரு. கொஞ்ச நேரம் ஆவும்" என்றாய்.

இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தோம். வடை ஆறிக்கொண்டிருந்தது. பிறகு நீ கையை நீட்டி பெல்லை அழுத்தினாய். அழுத்தியது போதாதென்று, உப்பளத்தில் அடுத்த பாத்திக்காரியைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாய். "கலா! ஏ கலா! அவசரம்டி, ஓடியா!"

இரண்டு ஹாலும் திரும்பிப் பார்த்தது. அந்த ஆபீசர் பேப்பரை இறக்கிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நீ அவரைப் பார்த்து, "இன்னா சார்? நீங்க மட்டுந்தான் அடிக்கணுமா?" என்றாய்.

கலா சிரித்துக்கொண்டே வந்து உன்னை எழுப்பினாள். நீ மகாராணி மாதிரி நடந்து போனாய், வாக்கரைத் தட்டித் தட்டி. அந்தக் கதவு சாத்தியதும் நான் ஆறிப்போன வடையைத் தின்றேன். அப்படி ருசியான வடையை நான் தின்றதே இல்லை.

தை பிறந்தது. உப்பளத்தைத் திறந்து, தரை இறுகப் பாத்தி மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொன்னேன். யார் யார் போகிறார்கள், நீ மிதித்த பாத்தியில் யார் நிற்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். மழை மாசம் முடிந்துவிட்டதே, கூட்டி வா என்று சொந்தக்காரர்கள் என்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நேரடியாகவே கேட்டேன். வீட்டுக்கு வருகிறாயா?

"உன் வூட்டுக்கு வந்தா நான் மறுபடியும் வாயக் கட்டணும். இங்க கத்தறேன், ஓடியாறாங்க. நான் இங்கியே இருக்கறேன்." பிறகு, "உனக்குத்தான் செலவு. முடியலன்னா சொல்லிடு, மறைக்காத" என்றாய்.

முடியும் என்றேன். இழுபறிதான். ஆனால் முடிந்தது. உன் மகனும் அந்த மாதத்திலிருந்து முனகாமல் அனுப்பினான். நீ போனில் அவனிடம் கக்கூஸ் போனதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லி, அவன் "அம்மா, சாப்டுக்கினு இருக்கேன்மா!" என்று அலறுவதை ஸ்பீக்கரில் போட்டு ஹாலுக்கே கேட்க வைத்தாய்.

பங்குனியில் ஒரு காலை. இட்லி தின்றாய், கலாவைக் கத்திக் கூப்பிட்டுப் போய்வந்தாய், கட்டிலில் சாய்ந்தாய். கலா தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது மூச்சு நின்றிருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் கடைக்கு போன் செய்து சொன்னார். உன்னை வேனில் ஊருக்குக் கொண்டு வந்தோம்.

மேளம் இல்லை. பல்லக்கு இல்லை. வெடி இல்லை. வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. "ஹோம்ல உசுரு பூட்சி, ஒரு மேளத்துக்குக்கூட வக்கில்லையா?" என்று என் காதுபடக் கேட்டார்கள். உன் மகன் வீடியோ காலில் அழுதுகொண்டே, கடன் வாங்கியாவது மேளம் வை என்றான். லீவு கிடைக்காத ஆத்திரம் அவனுக்கு. நான் சொன்னேன், அந்தக் காசை அத்தையே செலவு பண்ணிவிட்டது, செத்த பிறகு காது கேட்காது என்று சொல்லிவிட்டுத்தான் செலவு பண்ணியது. அவன் அழுகையும் சிரிப்புமாக, "அது அப்படித்தான் சொல்லும்" என்றான். உன் கூட்டத்துப் பொம்பளை ஒருத்தி, உன்னோடு உப்பு சுமந்தவள், எழுந்து நின்று எல்லாரையும் ஒரு பிடி பிடித்தாள். "அவ காசு. அவ உசுரோட இருக்கும்போது துன்னுட்டா. உங்களுக்கு இன்னாடி வலிக்குது?" அத்தோடு கூட்டம் அடங்கியது. சத்தமில்லாமல்தான் உன்னைக் கொண்டு போனோம்.

இன்னும் உப்பளத்தில் ஒரு மறைவிடம் கட்டவில்லை, அத்தை. உன் பாத்தியில் இப்போது நிற்கிறவளும் மத்தியானம் வரை குடிப்பதில்லை. மகளிர் குழுவிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். பார்க்கலாம் என்கிறார்கள்.

எங்கள் கடையில் கக்கூஸ் உண்டு. அது பூட்டியிருக்கும். சாவி கல்லாப்பெட்டியில், முதலாளி கைக்கடியில். நாங்கள் மூன்று பெண்கள். நாலு கஸ்டமர் நிற்கும்போது போய் அந்தச் சாவியைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்று பேரும் மத்தியானம் வரை குடிப்பதில்லை. நீ போய் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள்தான் இது என் மண்டையில் உறைத்தது. இத்தனை நாள் உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன், நானும் அதே பூட்டோடுதான் இருந்திருக்கிறேன்.

அன்று வெயில் ஏறியதும் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பயத்தோடு பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு எழுந்து, பெயின்ட் வாங்க வந்தவர்களும் பைப் வாங்க வந்தவர்களும் நின்றுகொண்டிருக்கும்போதே, "சார், பாத்ரூம் சாவி. அவசரம்" என்றேன். முதலாளி முகம் சிவந்து, கல்லாப்பெட்டிக்குள் தேடி, எடுத்துக் கொடுத்தார். அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாள் மூன்று பேரும் கேட்டோம்.

இப்போது அவர் சாவியைக் கல்லாவுக்கு வெளியே ஒரு ஆணியில் மாட்டிவிட்டார். யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஆனாலும் நான் எடுக்கும்போது சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், அத்தை.